கை நீளாத இடத்தில் விரல் நீளலாமா?

திருச்சி, பெண் கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். ஹோலி கிராஸ் கல்லூரி 1923-ம் ஆண்டு தொடங்கியது. சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி 1951-ம் ஆண்டு தொடங்கியது. பாட்டி படித்த கல்லூரியில் தாய் படித்தாள். தாய் படித்த கல்லூரியில் இன்று மகள் படிக்கிறாள். காலை வேளையில் ஸ்ரீரங்கத்தில் இருந்து காவிரியைத் தாண்டி வரும் பஸ்களில், புத்தகப் பையும் சாப்பாட்டு டப்பாவுமாக மாணவிகள் நிறைந்து வருவது ஊருக்கே அழகு.

இந்த அழகு சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் பெண் படிக்கப் போவதே ஊர்ப்பேச்சாக இருந்தது. பக்கத்து ஊரான புதுக்கோட்டையில், ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண் சேர விரும்பியபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னரே தலையிட்டு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்தான் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனார். 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவரும் ஆனார்.

அன்று பெண்ணைத் தடுத்தது கல்லூரி வாசல். இன்று வாசல் திறந்துவிட்டது. ஆனால் இன்னோர் இடத்தில் அவளை மறிக்கிறார்கள். அது அவள் கையில் இருக்கும் செல்போன்!

என்ன நடக்கிறது?

ஒரு பெண் சமூக ஊடகத்தில் தன் படத்தைப் போடுகிறாள். அல்லது ஒரு கருத்தை எழுதுகிறாள். "வீட்டு வேலையை ஆண்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்" என்று சொல்கிறாள். "வரதட்சணை கேட்பவனைக் கட்டமாட்டேன்" என்று சொல்கிறாள்.

கருத்துக்குப் பதில் கருத்து வந்தால் நல்லது. "அப்படி இல்லை, இப்படி" என்று வாதம் செய்யலாம். ஆனால் வருவது என்ன? அவள் உடையைப் பற்றிப் பேச்சு. நிறத்தைப் பற்றிக் கேலி. அவளைப் பெற்றவர்களைப் பற்றி ஏச்சு. எழுதுகிறவன் யார் என்று பார்த்தால் பெயர் இல்லை, முகம் இல்லை. ஏதோ ஒரு சினிமா நடிகரின் படம் மட்டும் இருக்கிறது.

இதற்கு வீட்டில் என்ன வைத்தியம் நடக்கிறது? "உனக்கு எதற்கு இந்த வம்பு? போனைக் கொடு!" என்கிறார் தந்தை. "நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும், சும்மா இரு" என்கிறாள் தாய். அண்ணனோ, "நீ ஏன் போட்டோ போட்டாய்?" என்று அவளையே கேட்கிறான்.

கல்லை எறிந்தவன் தெருவில் சுதந்திரமாகத் திரிகிறான். அடிபட்டவளை அறைக்குள் பூட்டுகிறது வீடு. இது என்ன நியாயம்?

போலீஸ் அதிகாரிக்கும் இதே கதி!

"அடக்கமாக இருந்தால் யாரும் வம்புக்கு வரமாட்டார்கள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. திருச்சியில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2024-ம் ஆண்டு. அப்போது திருச்சி மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டாக இருந்தவர் வருண்குமார். அவருடைய மனைவி வந்திதா பாண்டே, புதுக்கோட்டை மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு. இருவரும் ஐ.பி.எஸ். அதிகாரிகள். ஓர் அரசியல் சச்சரவை ஒட்டி, 'எக்ஸ்' தளத்தில் வருண்குமாருக்கு எதிராகப் பதிவுகள் குவிந்தன. கோபம் கணவர் மீது. ஆனால் சேற்றை வாரி இறைத்தது மனைவி மீதும் பிள்ளைகள் மீதும்! ஆபாசமான பேச்சு, ஒட்டு வேலை செய்த படம், மிரட்டல் என்று எல்லை மீறிப் போனது. அந்த ஆகஸ்டு மாதம், இருவரும் 'எக்ஸ்' தளத்தைவிட்டு விலகியிருக்கப் போவதாக அறிவித்தார்கள். சட்டப்படி புகாரும் கொடுத்தார்கள். வழக்குகள் பதிவாயின.

ஒரு மாவட்டத்துக்கே காவலாக இருந்த பெண் அதிகாரி அவர். காக்கிச் சட்டையும் அதிகாரமும் இருந்தும் அவரை விடவில்லை. அப்படியானால் 18 வயது மாணவியின் நிலைமை என்ன? அடக்கமாக இருந்தாளா இல்லையா என்பது கேள்வியே அல்ல. அவள் பெண் என்பதுதான் எறிகிறவனுக்குத் தெரிந்த ஒரே காரணம்.

இது தமிழ்நாட்டின் தொல்லை மட்டும் அல்ல. 'பிளான் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு 2020-ல் 22 நாடுகளில் 14,000 பெண்களிடம் விசாரித்தது. எல்லாரும் 15 முதல் 25 வயது வரை உள்ளவர்கள். அவர்களில் 100-க்கு 58 பேர், சமூக ஊடகத்தில் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள்.

பஸ்ஸில் குற்றம், போனில் விளையாட்டா?

1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, வாலிபர்களின் கேலி வெறிக்குப் பலியானார். நாடே பதறியது. அதே ஆண்டில், பெண்களைத் தொல்லைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. கல்லூரி, கோவில், பஸ் நிறுத்தம், ரெயில் நிலையம், சினிமாக் கொட்டகை, திருவிழாக் கூட்டம் ஆகிய எந்த இடத்தில் பெண்ணைத் தொல்லைப்படுத்தினாலும் குற்றம் என்றது அந்தச் சட்டம்.

அதனால் ஒரு பயம் வந்தது. சத்திரம் பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து அசிங்கமாகப் பேசினால், பக்கத்தில் நிற்கும் பெரியவர் சட்டையைப் பிடிப்பார். போலீஸ்காரர் வருவார். ஆகவே கை நீளுவதில்லை, வாய் திறப்பதில்லை.

ஆனால் அதே வாலிபன் பஸ்ஸில் உட்கார்ந்தபடி செல்போனை எடுக்கிறான். நேரில் சொல்லப் பயந்த வார்த்தையை விரலால் எழுதுகிறான். தட்டிக்கேட்கப் பக்கத்தில் பெரியவர் இல்லை. "சும்மா தமாஷுக்கு" என்று சிரிக்கிறான். இடம் மாறினால் குற்றம் விளையாட்டாகிவிடுமா? ஆகாது. 2025-ல் இந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, மின்னணு வழியாகச் செய்யும் தொல்லையும் அதில் சேர்க்கப்பட்டது.

'நான் எழுதவில்லை, அனுப்பினேன்!'

"அசிங்கமாக எழுதியது நான் இல்லை. எனக்கு வந்ததை நாலு பேருக்கு அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று தப்பிக்கப் பார்ப்பவர்கள் பலர். கோர்ட்டு அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

2018 ஏப்ரலில், அப்போதைய கவர்னர் பன்வாரிலால் புரோகித் சென்னையில் நிருபர்களைச் சந்தித்தார். கேள்வி கேட்ட பெண் நிருபர் ஒருவரின் கன்னத்தில் தட்டினார். அந்த நிருபர் வாயை மூடிக்கொண்டு போய்விடவில்லை. "இது தவறு" என்று சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எழுதினார். கவர்னர் கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த சில நாட்களில் நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைப் பேஸ்புக்கில் பகிர்ந்தார். கண்டனம் எழுந்தது. அவர் பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார். வழக்கு நிற்கவில்லை. "பிறர் எழுதியதைப் பகிர்வது, அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம்" என்ற கருத்தை 2018-லேயே சென்னை ஐகோர்ட்டு சொன்னது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்புக் கோர்ட்டு அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. பின்பு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனது.

ஒரு விரல் தட்டு. ஏழு ஆண்டு வழக்கு! "வந்ததை அனுப்பினேன்" என்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

வீடு நம்பாவிட்டால்...

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் ஒரு துயரம் நடந்தது. ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டிப் பேஸ்புக்கில் போட்டுவிட்டான் ஒருவன். குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். நடவடிக்கை தாமதம் ஆயிற்று. மறுபடியும் படம் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, தன்னை நம்ப வேண்டும் என்று பெற்றோரை மன்றாடி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். பிறகு குற்றவாளியைத் தேடிப் பிடித்தார்கள். மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு மன்னிப்புக் கேட்டார். போன உயிர் வரவில்லை.

இப்போது இன்னொரு சம்பவம். 2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில், ஒரு கும்பலின் கொடுமைக்கு ஆளான ஒரு கல்லூரி மாணவி அதை மறைக்கவில்லை. வீட்டில் சொன்னாள். "நீ ஏன் போனாய்?" என்று கேட்டு அவளை ஒடுக்கவில்லை வீடு. அவள் பக்கம் நின்றது. புகார் கொடுத்தார்கள். விசாரணையில், அந்தக் கும்பல் இன்னும் பல பெண்களையும் சீரழித்து, வீடியோ எடுத்து மிரட்டி வந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 2025 மே 13-ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு, குற்றவாளிகள் 9 பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது.

ஒரு பெண் பேசினாள். பல பெண்களுக்கு நீதி கிடைத்தது. அவள் பேச முடிந்ததற்கு, அவளை நம்பிய ஒரு வீடு காரணம்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பெற்றோர் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தொல்லைக்கு ஆளான மகள் ஓடி வரும்போது, வீட்டில் அவள் கேட்கும் முதல் வார்த்தை "நீ என்ன செய்தாய்?" என்பதாக இருக்கக் கூடாது. "பயப்படாதே, பார்த்துக்கொள்ளலாம்" என்பதாகவே இருக்க வேண்டும்.

போனைப் பிடுங்கினால் போதுமா?

மகளின் போனைப் பிடுங்கி வைப்பது சுலபம். ஆனால் அந்தப் போனில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பரீட்சை முடிவு அதில்தான் வருகிறது. வேலைக்கு மனுப் போடுவது அதில்தான். உதவித்தொகைக்கு விண்ணப்பம், பாங்கிக் கணக்கு எல்லாம் அதில்தான். கொரோனா காலத்தில் வகுப்பே அதில்தான் நடந்தது.

2019 முதல் 2021 வரை மத்திய அரசு நடத்திய தேசிய குடும்ப நல ஆய்வு ஒரு கணக்கைத் தந்தது. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், இன்டர்நெட்டை ஒரு முறையாவது பயன்படுத்தியவர்கள் 100-க்கு 33 பேர்தான். ஆண்களிலோ 57 பேர். ஏற்கனவே பெண்கள் பின்தங்கியிருக்கிறார்கள். கையில் இருப்பதையும் பிடுங்கினால் இன்னும் பின்னால் போவார்கள். தொல்லை கொடுத்தவன் விரும்பியதும் அதுதானே? அவன் தொடங்கிய வேலையை வீடே முடித்து வைப்பதா?

ஸ்ரீரங்கம் காட்டிய வழி

பெண்கள் பதில் சொல்ல வேண்டும் என்றால், வசைக்கு வசை, கெட்ட வார்த்தைக்குக் கெட்ட வார்த்தை என்று இறங்க வேண்டுமா? வேண்டியதில்லை. அதற்கு ஸ்ரீரங்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

ரங்கநாயகி தாத்தம் என்ற அம்மையார் 1905-ல் பிறந்தவர். ஸ்ரீரங்கத்தில் ஆசாரமான குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். 'குமுதினி' என்ற புனைபெயரில் 1930-களில் எழுதத் தொடங்கினார். பெண்கள் எழுதுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அவர் யாரையும் திட்டவில்லை. சிரிக்க வைத்தார்! புராணத்துப் பெண்கள் அந்தப்புரத்தில் இருந்து கடிதம் எழுதுவதுபோல் எழுதினார். சீதை மிதிலையில் இருக்கும் தன் தாய்க்குப் புடவையைப் பற்றிக் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும்? படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகு, அரண்மனைப் பெண்ணுக்கும் தன் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே கவலைதான் என்று யோசித்தார்கள்.

அவர் எழுத்தோடு நிற்கவில்லை. காந்தி வழியில் கதர் உடுத்தினார். ஆதரவற்ற பெண்களுக்கு உதவும் திருச்சி சேவா சங்கத்தின் பணியில் ஈடுபட்டார். 1986-ல் காலமானார்.

ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். அன்று நல்லதை எழுதுவதற்கே பல பெண்கள் புனைபெயரில் ஒளிய வேண்டியிருந்தது. இன்று பெண் சொந்தப் பெயரில் எழுதுகிறாள். அவளைத் திட்டுகிறவன் பொய்ப் பெயரில் ஒளிகிறான். அப்படியானால் யாருக்குத் துணிச்சல் அதிகம்?

'பெண்ணியம்' என்ற சொல்லைக் கேட்டாலே சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆண்களை வெறுப்பதுதான் பெண்ணியம் என்று நினைக்கிறார்கள். அது தவறு. மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி வேண்டாம் என்பதே பெண்ணியம். இதில் வெறுப்புக்கு என்ன இடம்?

அவசரமும் ஆபத்து

பெண்ணுக்கு நடந்த அநியாயத்தைக் கண்டு இளைஞர்கள் கொதிக்கிறார்கள். கொதிப்பது நல்லது. ஆனால் கொதிப்பில் கண் மறைந்துவிடக் கூடாது.

2020 மே மாதம் டெல்லியில், பள்ளி மாணவர்கள் சிலர் இன்ஸ்டாகிராமில் ரகசியக் குழு வைத்து, தங்களுடன் படிக்கும் மாணவிகளின் படங்களைப் போட்டு அசிங்கமாகப் பேசி வந்தது தெரிந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அது நியாயமான கண்டனம். ஆனால் அதே சமயத்தில், ஒரு பெண்ணைக் கெடுக்கத் திட்டமிட்டதாக வேறு ஓர் உரையாடலும் பரவியது. அது அந்தக் குழுவில் நடந்ததே அல்ல என்று போலீஸ் விசாரணையில் தெரிந்தது. ஒரு சிறுமி, பையன் பெயரில் எழுதிப் பார்த்தது அது! அதே நாட்களில் குருகிராமில், சமூக ஊடகத்தில் குற்றம் சாட்டப்பட்ட 17 வயது மாணவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். விசாரணை நடக்கும் முன்பே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆகவே, ஆதாரம் இருந்தால் புகார் கொடுக்க வேண்டும். கேள்விப்பட்டதை வைத்து ஒருவனுடைய படத்தைப் போட்டு ஊரைக் கூட்டக் கூடாது. குற்றம் செய்தவனுடைய தாயையும் தங்கையையும் இழுத்துத் திட்டக் கூடாது. அவன் செய்த அதே தவற்றை, நியாயத்தின் பெயரால் செய்வதாக அது முடியும்.

இன்னொன்றும் உண்டு. மாறுபட்ட கருத்து எல்லாம் குற்றம் அல்ல. மனம் புண்படும்படி எழுதினாலே சிறை என்று இருந்த 66-ஏ என்ற சட்டப் பிரிவைச் சுப்ரீம் கோர்ட்டு 2015-ல் ரத்து செய்தது. வாதத்துக்கு வாதம் செய்யலாம். ஆபாசம், மிரட்டல், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல், ஒட்டுப் படம் ஆகியவைதான் குற்றம். இந்த வித்தியாசம் பெண்களுக்கும் தெரிய வேண்டும், ஆண்களுக்கும் தெரிய வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

தொல்லை வந்தவுடன் ஆத்திரத்தில் பதில் எழுதக் கூடாது. பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடவும் கூடாது. அழித்துவிட்டால் சாட்சி போய்விடும். முதலில் அந்தப் பதிவை 'ஸ்கிரீன்ஷாட்' எடுத்து வைக்க வேண்டும். எழுதியவன் கணக்கின் பெயர், தேதி, நேரம், இணைய முகவரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அவனைத் தடை செய்யலாம்.

அடுத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்ல வேண்டும். தாயாக இருக்கலாம், அக்காளாக இருக்கலாம், கல்லூரி ஆசிரியையாக இருக்கலாம். தனியாகச் சுமக்கக் கூடாது.

பிறகு அந்தத் தளத்திலேயே புகார் செய்ய வேண்டும். அந்தரங்கப் படம், ஒட்டுப் படம் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று, 2021-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் கெடு வைத்தன.

தொல்லை கடுமையாக இருந்தால் போலீசுக்குப் போகத் தயங்கக் கூடாது. சைபர் குற்றங்களுக்கு என்று தனிப் போலீஸ் நிலையங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் வீட்டில் இருந்தே புகார் செய்யலாம். 1930 என்ற எண்ணும், பெண்களுக்கு 181 என்ற எண்ணும், குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும் உண்டு. மனம் உடைந்துபோனவர்கள் 14416 என்ற எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம்.

சட்டமும் துணை நிற்கிறது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, பெண்ணை இன்டர்நெட் வழியாகப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் குற்றம் என்கிறது. முதல் முறை 3 ஆண்டு வரை சிறை. மீண்டும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை. 79-வது பிரிவு, சொல்லாலும் சைகையாலும் பெண்ணின் கண்ணியத்தை அவமதிப்பவனுக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. ஒருவருடைய அந்தரங்கப் படத்தைச் சம்மதம் இல்லாமல் எடுத்தாலோ பரப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

மகனிடம் பேசியாயிற்றா?

இவ்வளவும் அடிபட்ட பிறகு போடும் மருந்து. கல் எறியும் கையை நிறுத்துவது எப்படி?

டெல்லியில் அந்தக் குழுவை நடத்தியவர்கள் ரவுடிகள் அல்ல. நல்ல பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள். அவர்கள் இதை எங்கே கற்றுக்கொண்டார்கள்? கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் செல்போனைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். காலை வணக்கம் சொல்லும் குடும்ப வாட்ஸ்-அப் குழுவில், அடுத்து வருவது மனைவியைக் கேலி செய்யும் ஜோக். மருமகளை மட்டம் தட்டும் வீடியோ. "பெண் புத்தி பின் புத்தி" என்று ஒரு சிரிப்பு. மாமா அனுப்புகிறார், சித்தப்பா சிரிக்கிறார். அத்தையும் சிரிக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 14 வயதுப் பையன் என்ன நினைப்பான்? பெண்ணைக் கேலி செய்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்துகொள்கிறான். நாலு வருஷம் கழித்து, அதே கேலியை முன்பின் தெரியாத ஒரு மாணவியின் படத்தின் கீழே எழுதுகிறான்.

"பத்திரமாக இரு, படம் போடாதே, நேரத்தோடு வீட்டுக்கு வா" என்று மகளுக்கு ஆயிரம் புத்திமதி சொல்லும் வீடு, மகனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தது? "உன் தங்கையின் முகத்துக்கு நேராகச் சொல்லக் கூசும் வார்த்தையை, வேறொரு வீட்டுப் பெண்ணுக்கு எழுதாதே" என்று எந்தத் தந்தையாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் நல்ல தந்தை. சொல்லவில்லை என்றால், இன்று ஞாயிற்றுக்கிழமைதான். எல்லாரும் வீட்டில் இருக்கும் நாள். சொல்லிவிடலாம்.

நண்பர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் நல்ல பையன்களுக்கும் ஒரு கடமை உண்டு. பத்துப் பேர் இருக்கும் குழுவில் ஒருவன் அசிங்கத்தைப் போடுகிறான். ஒன்பது பேர் பேசாமல் இருந்தால் அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான். ஒருவன் மட்டும் "இது சரியில்லை, எடுத்துவிடு" என்று சொன்னால் போதும், அவன் விரல் தயங்கும். பஸ்ஸில் சட்டையைப் பிடிக்கும் பெரியவரின் வேலையை, இங்கே அந்த நண்பன்தான் செய்ய வேண்டும்.

கல்லூரிகளும் முன்வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் பெண்கள் தினம் கொண்டாடிக் கோலப்போட்டி நடத்தினால் போதாது. புகார் எப்படிக் கொடுப்பது, சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் சேர்த்து ஒரு வகுப்பு நடத்தலாம். மாணவிகளுக்கு மட்டும் "ஜாக்கிரதை" என்று பாடம் நடத்துவதில் பலன் பாதிதான். மறுபாதி மாணவர்களிடம் இருக்கிறது.

போலீசாருக்கும் ஒரு வார்த்தை. புகாரோடு வரும் பெண்ணிடம் "சமரசமாகப் போ" என்று சொல்லக் கூடாது. சேலத்தில் தாமதம் ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று. ஒட்டுப் படம் ஒரு மணி நேரத்தில் ஊரெல்லாம் பரவிவிடும். நடவடிக்கையும் அந்த வேகத்தில் இருக்க வேண்டும்.

கல்லூரி வாசலை மறித்தவர்கள் ஒரு நாள் வழிவிட்டார்கள். தானாக அல்ல. ஒரு பெண் பின்வாங்கவில்லை, அவளுக்குத் துணையாகச் சிலர் நின்றார்கள், அதனால் வழி பிறந்தது. செல்போனிலும் அப்படியே. மகள் தன் பெயரோடும் முகத்தோடும் பேசட்டும். அவள் சொல்வது தவறு என்றால் மரியாதையோடு மறுத்துப் பேசட்டும். அவளை அசிங்கப்படுத்தும் விரல் எந்த வீட்டுப் பிள்ளையின் விரலோ, அந்த வீடே முதலில் அதைத் தடுக்கட்டும்!